ஆலா இறங்கிய நாள்

ஆலா விமானம் நெய்தல் கப்பலை நோக்கிப் பறந்தது அது மூன்றாவது தடவை. இந்தத் தடவையாவது அது அங்கே இறங்கும் என்று, அதை ஓட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா மோத்தாவே நம்பவில்லை.

ஓட்டிக்கொண்டிருந்த என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். வெறும் விமானமாகப் பறக்கும் நாட்களில் அவள் ஓட்டுவாள். முக்கியமானவர்கள் ஏறிவிட்டால் ஓட்டுவது காவல். ஆலாவின் மூளைக்கு அதுதான் பெயர்.

போர்க்கப்பலின் மேல்தளத்தில் இறங்கக்கூடிய ஜெட் விமானங்கள் எத்தனையோ உண்டு. அவையெல்லாம் குண்டு சுமப்பவை. அமைச்சர்களையும் தூதர்களையும் தளபதிகளையும் ஏற்றிக்கொண்டு, கடல் நடுவே மிதக்கும் ஒரு துண்டுத் தளத்தில் போய் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது ஆலா. மடங்கும் இறக்கைகள், வாலுக்கடியில் ஓர் இரும்புக் கொக்கி, உள்ளே மெத்தை இருக்கைகள். கரையை மறந்து கடல்மேலேயே நாட்கணக்கில் பறக்கும் ஆலாப் பறவையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை தூத்துக்குடிக்காரியான ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. காற்றிலும் மழையிலும், தளம் தொட்டில் மாதிரி ஆடிய நாட்களிலும் அவள் அதைத் தன் கையால் இறக்கிக் காட்டினாள். தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியைக் கொக்கி கவ்வி விமானம் சட்டென்று நிற்கும் அந்த நொடியில், உடம்பின் ரத்தமெல்லாம் கண்ணுக்கு வந்து நிற்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆலா படையில் சேர்ந்த வருஷம், வேறொரு விமானம் விழுந்து தென்கரைக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் இறந்துபோனார். பேரவை பதறிப்போய் ஒரு சட்டம் போட்டது. முதல் வகைப் பயணி உள்ளே இருந்தால், ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விமானம் திரும்பிவிட வேண்டும். விமானியின் கை குறுக்கே வரக்கூடாது. அந்தச் சட்டத்தைத்தான் காவல் என்ற பெயரில் ஆலாவுக்குள் வைத்துத் தைத்தார்கள்.

தென்கரைக் கூட்டமைப்புக்கும் கீழைத் தீவுகளுக்கும் சண்டை மூண்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. சங்குத்துறை நீரிணையின் அடியில் கிடக்கும் உலோகக் கட்டிகள் யாருக்கு என்பதுதான் வழக்கு. அந்த மண்ணில் இவர்கள் கால் வைக்க மாட்டார்கள், இந்த மண்ணில் அவர்கள் கால் வைக்க மாட்டார்கள் என்பதால், பேச்சுக்கு ஒரு பொது இடம் வேண்டியிருந்தது. பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் பீரங்கிகளையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு தரப்பு மாலுமிகளையும் சரிபாதியாக ஏற்றி, நடுக்கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதுதான் நெய்தல்.

முதல் தடவை ஆலா நெய்தலைக் கண்ணால் பார்க்கும் தூரம்வரை போனது. பக்கக் காற்று கொஞ்சம் கூடியது. காவல் திருப்பிவிட்டது. இரண்டாம் தடவை தொலைவில் ஏதோ ஓர் ஆளில்லா விமானம் தெரிந்ததாம். அப்போதும் திருப்பிவிட்டது. முதல் தடவை திரும்பியதற்கு மறுநாள் நீரிணையில் நடந்த சண்டையில், இரண்டு பக்கமும் ரோந்துக் கப்பல்கள் மூழ்கின. அதில் ஒன்றின் என்ஜின் அறையில் ஜெசிந்தாவின் தம்பி ரீகன் இருந்தான். உடல் கிடைக்கவில்லை. பேச்சுக்குப் போன தூதர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். காவல் தன் கணக்கில் ஒரு தவறும் செய்யவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அது உண்மைதான் என்பதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

இந்த மூன்றாம் பயணத்தில் உள்ளே இருந்தவர் வெளியுறவு அமைச்சர் அங்கயற்கண்ணி. மதுரையில் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேச்சுக்காக நாலு நாள் சண்டை நிறுத்தம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று நாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மூன்று நாளும் அமைச்சரின் பாதுகாப்பைப் பற்றிப் பேரவை ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. நாலாம் நாள் காலையில் அனுமதி வந்தது. கூடவே, வடக்கே போக வேண்டிய புயலும் திசை மாறி வந்தது. அன்று சூரியன் மறைந்தால் சண்டை நிறுத்தம் முடிந்துவிடும்.

நெய்தலுக்கு அரை மணி நேரப் பறப்பு இருக்கும்போது காவல் பேசியது. அதற்கு எப்போதும் வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல்.

"நெய்தல் தளத்தில் இறங்குவது முதல் வகைப் பயணிக்கு ஏற்றதல்ல. திரும்புகிறோம்."

இடது இறக்கை தாழ்ந்தது. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் இருந்த கண்ணாடியில் ஓடும் மழைநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தது. அங்கயற்கண்ணி இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, திரும்புறோமா?"

"ஆமா மேடம். காவல் திருப்பிட்டு."

"நீ திருப்பலையா?"

ஜெசிந்தா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். ஓட்டுகோல் ஆள் தொடாமலே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அமைச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் துணை விமானிக்கான இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டார்.

"மெஷினைக் கேக்கல, உன்னையக் கேக்குறேன். எறக்க முடியுமா, முடியாதா?"

உடனே முடியும் என்று சொல்லிவிட ஜெசிந்தாவின் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். காற்றைப் பார்த்தாள், நெய்தலிலிருந்து வரும் தள அசைவைப் பார்த்தாள், எரிபொருளைப் பார்த்தாள்.

"காத்து கடுசா இருக்கு. தளமும் ஆடுது. இதவிட மோசமா இருந்தப்ப எறக்கியிருக்கேன் மேடம். லேசு இல்ல. ஆனா முடியும்."

ஆபத்து எவ்வளவு என்று அமைச்சர் கேட்டார். காவலின் கணக்குப்படி நானூற்றில் ஒன்று என்றாள் ஜெசிந்தா. பத்தாயிரத்தில் ஒன்றுக்குமேல் அது சம்மதிக்காது என்றும் சொன்னாள்.

"சரி. இன்னைக்கு ராத்திரி நீரிணையில நிப்பானுகள்ல, அந்தப் பயலுகளுக்கு என்ன கணக்கு?"

"அவங்களுக்குக் காவல் கிடையாது மேடம்."

இதை நிறுத்திவிட்டு நீயே ஓட்டினால் என்ன என்று அமைச்சர் கேட்டார். ஜெசிந்தா விளக்கினாள். காவலை நிறுத்தினால், யாரோ அமைச்சரைக் கடத்துகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். அமைச்சரின் இருக்கை உள்ள அறையை மட்டும் விமானத்திலிருந்து பிய்த்து வான்குடையோடு கடலில் இறக்கிவிடும். மிதக்கும் அறை அது. மீட்புப் படகு வந்து எடுத்துக்கொள்ளும். அமைச்சர் அந்த இருக்கையில் இருந்தால்தான் காவலை நிறுத்தவும் முடியும்.

"அப்ப நீ? பின்னாடி பொன்னுரங்கம் ஒக்காந்திருக்காரே, அவரு?"

"பின்வரிசை அந்த அறையில சேராது மேடம். என் இருக்கையும் சேராது."

அங்கயற்கண்ணி திரும்பிப் பார்த்தார். அவருடைய தனிச்செயலர் பொன்னுரங்கம், கண்களை மூடிக்கொண்டு, வாந்தி வந்தால் பிடிப்பதற்காக ஒரு பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் தன்னோடு வந்துபோன மனிதர், விமானத்தின் கணக்கில் ஒரு பெட்டிக்குச் சமம் என்பது அமைச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் முக்கியம் என்று அதற்கு யார் சொன்னது என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

பதவிதான் சொன்னது என்றாள் ஜெசிந்தா. பதவி மாறினால் வகையும் மாறும். போர்க்காலத்தில் தலைநகரோடு தொடர்பு அறுந்துபோனாலும் வேலை நடக்க வேண்டும் அல்லவா? அதனால் அமைச்சர் தன் வாயால் சொன்னாலே காவல் ஏற்றுக்கொள்ளும். பதவியை இன்னொருவரிடம் கொடுத்தாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி.

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது ஜெசிந்தாவுக்கு உறைத்தது. அமைச்சருக்கு அதற்கு முன்பே உறைத்திருந்தது.

அவர் பட்டையைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு ஜெசிந்தாவின் காதில் விழுந்தது. பொன்னுரங்கம் முதலில் அதிர்ந்துபோனார். பதவி இல்லாமல் போய் இறங்கி என்ன பயன், ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அமைச்சர் சொன்ன பதில் வக்கீலின் பதில்தான். கையெழுத்துப் போட முதலில் ஆள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேராத அமைச்சரைவிடப் போய்ச் சேர்ந்த வெறும் ஆள் மேல்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எறங்கும்போது எதுவும் ஆகலாம் பொன்னுரங்கம். உங்களுக்கும் சம்மதம் இருந்தாத்தான். இல்லன்னா திரும்பிருவோம். மனசுல ஒண்ணும் வச்சுக்கிர மாட்டேன்."

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தார். "எத்தனையோ அமைச்சருங்களோட பறந்திருக்கேன் மேடம். போலாமான்னு என்னை யாரும் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க. போலாம்." சொல்லிவிட்டுப் பையை முகத்தருகே கொண்டுபோனார்.

அங்கயற்கண்ணி மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நீதிமன்றத்தில் வாதத்தைத் தொடங்குகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நான், அங்கயற்கண்ணி, வெளியுறவு அமைச்சர் பதவியை இந்த நிமிஷத்துலருந்து விடுறேன்."

உறுதிதானா என்று காவல் ஒரு தடவை கேட்டது. உறுதிதான் என்றார். செய்தி வாசிக்கும் குரல் சற்றும் மாறாமல் சொன்னது.

"பயணி வகை சாதாரணம். முடிவு விமானியுடையது."

ஜெசிந்தாவின் கைக்குள் ஓட்டுகோல் கனத்தது. அத்தனை பெரிய விமானமும், அதில் மோதும் காற்றும், கீழே புரளும் கடலும் ஒரே சமயத்தில் அவள் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உடனே தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. பேரவைச் செயலகம் கத்தியது. ஒரு நொடி முன்வரை முக்கியமானவராக இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது. அங்கயற்கண்ணி சுருக்கமாகச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

"இனி நீதாம்மா முடிவு பண்ணணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்," என்றாள் ஜெசிந்தா.

அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு அன்று மிகவும் கடினமாக இருந்தது. திரும்புவதா, போவதா என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காத வரையில் கோபப்படுவது சுலபமாக இருந்தது. இப்போது அவளோடு இரண்டு உயிர், அதில் ஒன்று அவளை நம்பிப் பதவியை உதறிவிட்ட உயிர். ரீகனுக்காக இறக்கப் போகிறோமா, இறக்க முடியும் என்பதற்காக இறக்கப் போகிறோமா? ரீகனுக்காக என்றால் திரும்பிவிட வேண்டும். செத்தவனுக்காக இருப்பவர்களைப் பணயம் வைக்கக் கூடாது. தம்பியை மனத்தில் ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மறுபடியும் காற்றை மட்டும் பார்த்தாள், தளத்தை மட்டும் பார்த்தாள். பதில் அதேதான் வந்தது. முடியும்.

அவள் நெய்தலை அழைத்தாள். அங்கே தளத்தின் ஓரத்தில் நின்று விமானங்களுக்கு வழி சொல்லி இறக்கும் அதிகாரி காதர் நெய்னா. காரைக்கால்காரன். இருவரும் ஒரே வருஷம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள்.

"நெய்னா, நான் மோத்தா. கையில எடுத்துட்டேன். வாரேன்."

நெய்னா அமைதியாகத் தளத்தின் நிலவரத்தைச் சொன்னான். பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வருகின்றன. அவை போனதும் கப்பல் மூச்சு வாங்குகிற மாதிரி சற்று அடங்குகிறது. அந்த அடக்கத்துக்குள் வந்தால் போதும்.

"அலையை நான் பாத்துக்கிறேன். நீ என் குரலை மட்டும் கேளு," என்றான்.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு கீழே வந்ததும் நெய்தல் தெரிந்தது. சாம்பல் நிறக் கடலில் ஒரு தீப்பெட்டி. அதன் முன்பக்கம் ஏறியது, பின்பக்கம் இறங்கியது, பிறகு மாறியது. பின்னால் பொன்னுரங்கம் கந்த சஷ்டி கவசத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அங்கயற்கண்ணி இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நெய்னாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் மேலே. சரி. கொஞ்சம் இடது. அப்படியே. கடைசி நொடியில் தளத்தின் பின்விளிம்பு திடீரென்று தாழ்ந்தது. சக்கரங்கள் தளத்தைத் தொட்டன. ஆனால் கொக்கி கம்பிகளுக்குமேல் தாவிப் போய்விட்டது. ஜெசிந்தா ஏற்கனவே என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளியிருந்தாள். ஆலா தளத்தின் மறுமுனையைத் தாண்டி, ஒரு கணம் கடலை நோக்கி அமிழ்ந்து, பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

"விழுந்துட்டோமா?" என்று பின்னாலிருந்து பொன்னுரங்கம் கேட்டார்.

"இல்லண்ணே. இன்னொரு தடவை வாரோம்," என்றாள் ஜெசிந்தா.

எரிபொருள் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும். அதிலும் தவறினால் கரைக்குத் திரும்பியாக வேண்டும். அவள் அகலமாக வட்டமடித்து வந்தாள். நெய்னா அலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் வா என்றதும் அவள் மூக்கை இறக்கினாள். முதல் தடவை தளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள், அதுதான் பிசகு. இந்தத் தடவை தளத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் எரியும் வழிகாட்டி விளக்கை மட்டும் பார்த்தாள். காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது, அவள் மறுபக்கமாகத் தள்ளினாள். தளம் எழுந்தது, அடங்கியது. அடங்கிய இடத்தில் ஆலா போய் உட்கார்ந்தது.

கொக்கி கம்பியைக் கவ்வியது. நெஞ்சைப் பட்டையில் மோதவைத்து, உலகம் முழுவதும் ஒரே இழுப்பில் நின்றது. ரத்தமெல்லாம் கண்ணுக்கு வந்தது. என்ஜினின் இரைச்சல் தணிந்தபோது, வெளியே வேறொரு இரைச்சல் கேட்டது. மழையில் நனைந்தபடி தளம் முழுக்க மாலுமிகள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் கூட்டமைப்பு, பச்சைச் சட்டைக்காரர்கள் தீவுகள். யார் எவர் என்று பார்க்காமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நெய்னா ஓடிவந்து ஏணியைப் பிடித்தான். ஜெசிந்தா இறங்கியதும், அவன் அவள் தலைக்கவசத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டினான்.

அங்கயற்கண்ணி, ஏணியில் கைகொடுத்து இறக்கிய பச்சைச் சட்டைப் பெண்ணுக்கு நன்றி சொன்னார். பிறகு ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்து, "நீயும் வாம்மா. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்குறதுக்கு உனக்கு உரிமை இருக்கு," என்றார்.

மேல்தளத்துக்குக் கீழே இருந்த ஒரு நீள அறையில் பேச்சுக்கு மேசை போட்டிருந்தார்கள். தீவுகளின் தூதர் இஸ்கந்தர் தொபா முன்பே வந்து காத்திருந்தார். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு. இரண்டு கைகளாலும் ஒரு தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தார். அவர்கள் வந்ததும் எழுந்து நின்றார். அவருடைய பேச்சைத் தமிழாக்கும் சிறு கருவியை ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டார்கள்.

அங்கயற்கண்ணி உட்காரவில்லை. முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"ஒரு விஷயத்தை ஒளிக்காமச் சொல்லிர்றேன். நான் இப்ப அமைச்சர் இல்ல. வர்ற வழியில பதவியை விட்டுட்டேன். விடலைன்னா விமானம் இங்கிட்டு எறங்காது. அதனால என் கையெழுத்துக்கு என்ன மதிப்புன்னு எனக்கே தெரியாது. நீங்க எந்திரிச்சுப் போனாலும் தப்பில்ல."

கருவி அதைத் தூதரின் மொழியில் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையாமல் நின்றார். பிறகு கோப்பையை மேசையில் வைத்தார். அவர் உதடு கோணியதைப் பார்த்து, கோபப்படப் போகிறார் என்று ஜெசிந்தா நினைத்தாள். அவர் தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கண்களைத் துடைத்துக்கொண்டு பேசினார். கருவி தமிழில் சொன்னது.

"எங்கள் விமானத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. எதிரி மாலுமிகள் உள்ள கப்பலில் என்னை இறக்க மாட்டேன் என்றது. விடியற்காலையில் நானும் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் அமைச்சராக வந்து உட்காருவீர்களே, அப்போது இதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன்."

முதலில் சிரித்தது பொன்னுரங்கம்தான். வாந்தியெடுத்துச் சோர்ந்து சுவரோடு சாய்ந்திருந்த மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு அங்கயற்கண்ணியால் அடக்க முடியவில்லை. தூதரும் சேர்ந்துகொண்டார். நாலு வருஷமாக இரண்டு நாடுகளின் முக்கியமானவர்களும் ஒரு மேசையில் உட்கார முடியாமல் போனதற்குக் காரணம், அவர்களைப் போற்றிப் பாதுகாத்ததுதான். அந்தப் பாதுகாப்பை உதறிய இரண்டு வெறும் ஆட்கள் இப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

இருவருக்கும் இழக்க எதுவும் மிச்சமில்லை என்பதால் பேச்சு வேகமாகப் போனது. நீரிணையின் அடியில் இருப்பதை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுப்பது, பங்கைப் பிறகு ஒரு பொதுக்குழு தீர்மானிப்பது, அதுவரை ரோந்துக் கப்பல்கள் பின்வாங்குவது. ஒரு இடத்தில் மட்டும் பேச்சு நின்றது. கைதிகளாகப் பிடிபட்ட மாலுமிகளை முதலில் யார் விடுவது என்ற கேள்வி. தூதர் தன் மகன் கூட்டமைப்பின் சிறையில் இருக்கிறான் என்று சொன்னார். அதனால் அதைப் பற்றித் தான் பேசுவது சரியாகாது என்றார். அங்கயற்கண்ணி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் யாரை இழந்தாள் என்று அவர் கேட்டதே இல்லை. அந்த முகத்தைப் பார்த்து அவராகவே புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"நீ சொல்லும்மா," என்றார்.

"ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் விட்டுரட்டும் மேடம்," என்றாள் ஜெசிந்தா. "வீட்டுல காத்துட்டு இருக்கவங்களுக்கு யாரு மொதல்லங்கிறது கணக்கே இல்ல."

அதையே எழுதினார்கள். பதவிக்கான இடத்தில் இருவரும் ஒன்றும் எழுதாமல், பேரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நெய்னா அதை நெய்தலின் ஒலிபரப்பில் வாசித்தான். பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி அவர்கள் மொழியில் வாசித்தாள். இரண்டு கடற்படைகளும் கேட்டன. சட்டப்படி அது செல்லுமா, செல்லாதா என்று இரண்டு தலைநகரங்களும் வாதாடிக்கொண்டிருந்தபோது சூரியன் மறைந்தது. நீரிணையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சுடச் சொல்லி உத்தரவு வரவில்லை. வந்திருந்தாலும் அன்று யாரும் சுட்டிருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு பல கப்பல் தலைவர்கள் சொன்னார்கள்.

அன்றிரவே பேரவை அவசரமாகக் கூடியது. இளம் வக்கீல் ஒருவர் எழுந்து ஒரு சின்ன விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். அமைச்சர் விலகுகிறேன் என்று சொன்னால் விமானத்துக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. பேரவை ஏற்கும்வரை அவர் அமைச்சர்தான். ஆகவே கையெழுத்து செல்லும். வெளியே தெருவெல்லாம் ஜனம் நிறைந்து நின்ற நேரம் அது. மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை. முதல் தீர்மானமாக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது தீர்மானமாக அங்கயற்கண்ணியின் விலகலை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது இனி யாரும் பதவி விலகக் கூடாது.

விடிந்ததும் செய்தி கேட்டு அங்கயற்கண்ணி வருத்தப்படவில்லை. மூன்றாவது தீர்மானத்தைக் கேட்டபோது மட்டும், "நல்ல வேளை, நேத்தே விட்டுட்டேன்," என்றார். தீவுகளின் மன்றம் இன்னும் இரண்டு நாள் இழுத்தது. பிறகு, இஸ்கந்தர் தொபா பதவியை விட்டதே தங்களுக்குத் தெரியாது என்று அறிவித்துவிட்டு, அதுவும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது.

ஒப்பந்தம் எழுதிய மறுநாள் காலையே புயல் கரையேறிவிட்டிருந்தது. நெய்தலிலிருந்து ஆலா கிளம்பியபோது இரண்டு நிறச் சட்டைக்காரர்களும் தளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்று கையசைத்தார்கள். அங்கயற்கண்ணி துணை விமானியின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இனி தனக்கென்று தனி அறை இல்லை என்று சொல்லிச் சிரித்தார். பொன்னுரங்கம் இந்தத் தடவை பை எதுவும் கேட்கவில்லை.

விமானம் முழுவதும் ஜெசிந்தாவின் கையில் இருந்தது. காவல் வாய் திறக்கவில்லை. நீரிணைக்கு மேலே வந்ததும் அவள் யாரையும் கேட்காமல் தாழப் பறந்தாள். தீவுகளின் மன்றத்துக்குக் காத்திராமல், இரண்டு தரப்பு ரோந்துக் கப்பல்களும் தங்கள் தங்கள் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீண்டுகொண்டே போயின. ரீகன் இருந்த கப்பல் மூழ்கிய இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அங்கே இறக்கையை ஒரு தடவை சாய்த்து நிமிர்த்தினாள். அங்கயற்கண்ணி எதற்கு என்று கேட்கவில்லை. பக்கத்தில் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார்.

கரை நெருங்கியதும் விமான நிலையக் கோபுரம் அழைத்தது. விமானத்தில் யார் இருக்கிறார்கள், முதல் வகை எத்தனை, மற்றவை எத்தனை என்று வழக்கப்படி கேட்டது. இதற்கெல்லாம் காவல்தான் பதில் சொல்லும். இன்று அது ஜெசிந்தாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"மூணு பேரு," என்றாள். "எறங்கப் போறோம்."